எட்டரை மணி நேரமும் எட்டு மாதங்களும்: கேப்டன் பீஃப்ஹார்ட் விட்டுச் சென்றது யாருடைய இசை?

ஜூன் 4, காலை: ஒரு வாசகரின் கேள்வி

கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயரில் பாடிய டான் வான் வ்லீட், 1969இல் வெளிவந்த 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிக்கா' என்ற இரட்டை இசைத்தட்டின் 28 உருப்படிகளையும், பியானோ வாசிக்கத் தெரியாமலேயே பியானோ முன் அமர்ந்து, எட்டரை மணி நேரத்தில் இயற்றி முடித்தார் என்று படித்தேன். மேதைமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் கேட்டுப் பார்த்தால் நான்கு பேர் நான்கு அறைகளில் ஒருவரையொருவர் அறியாமல் வாசிப்பதுபோல் இருக்கிறது. கிறுக்கர் என்ற புகழைத் தவிர இவர் வேறு என்ன விட்டுச் சென்றார்?

ஜூன் 4, இரவு

எட்டரை மணி நேரம் என்பது வ்லீட் தாமே பேட்டிகளில் பரப்பிய கதை. பத்திரிகைகள் அதை அப்படியே அச்சிட்டன. நாமும் அரை நூற்றாண்டாக அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நடந்தது வேறு. 1968இல் லாஸ் ஏஞ்சலஸின் புறநகரான உட்லண்ட் ஹில்ஸில் ஒரு வாடகை வீட்டில் 'மேஜிக் பேண்ட்' என்ற அவருடைய குழு குடியேறியது. வ்லீட் பியானோவில் தமக்குத் தோன்றியதைத் தட்டுவார். டிரம்ஸ் வாசித்த ஜான் ஃப்ரெஞ்ச் அதைக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதிக்கொள்வார். பிறகு எந்தத் துண்டு எந்தக் கிட்டாருக்கு, எது பேஸ் கிட்டாருக்கு, எதை எத்தனை முறை திருப்பி வாசிப்பது, எங்கே அறுப்பது என்பதையெல்லாம் பிரித்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். பத்து விரல்களால் தட்டிய ஒரு கொத்தை ஆறு தந்திகளில் பிடிக்க இடக்கை விரல்கள் எட்டாமல் அந்த இளைஞர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஏறத்தாழ எட்டு மாதங்கள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஒத்திகை நடந்தது. 1969 மார்ச்சில் கிளெண்டேலில் உள்ள விட்னி ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனபோது, சுமார் இருபது உருப்படிகளின் வாத்தியப் பகுதிகளைச் சில மணி நேரத்தில் வாசித்துத் தள்ளினார்கள். பொய்யான எட்டரை மணி நேரத்தைவிட உண்மையான இந்தச் சில மணி நேரம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆக, நான்கு பேர் நான்கு அறைகளில் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதில் பாதி சரி. அப்படித் தோன்றும்படி எட்டு மாதங்கள் ஒரே அறையில் பழகினார்கள்.

ஜூன் 5

இதை நான் எப்படி அறிந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது புத்தகங்களைப் படித்து வந்ததல்ல.

இந்தத் தொகுப்பை நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், வலப்பக்கம் செத்துப்போன ஒரு ஹெட்போனில். புதிது வாங்கக் காசில்லை. இந்த ஒலிப்பதிவில் இரண்டு கிட்டார்களும் இரண்டு காதுகளுக்கெனப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. பல மாதங்கள் ஒரு கிட்டாரை மட்டும், அதனுடன் குரலையும் டிரம்ஸையும் கேட்டுவந்தேன். விசித்திரமான இசை என்று எச்சரித்துத்தான் நண்பன் கொடுத்திருந்தான். எனக்கோ அது முரட்டுத்தனமான, ஆனால் ஒழுங்கான இசையாகப் பட்டது. ஒரு சிறு சொற்கட்டு வரும், மூன்று அல்லது நான்கு முறை அச்சுப் பிசகாமல் திரும்பும், சட்டென்று அறுபட்டு அடுத்தது தொடங்கும். விரல்விட்டு எண்ணவும் முடிந்தது. நண்பனிடம் இதில் என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கிறது என்று கேட்டு அவனைக் குழப்பினேன்.

பிறகொரு நாள் அவனுடைய ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் சேர்த்துக் கேட்டபோது, எனக்கு மனப்பாடமாகியிருந்த கிட்டாரின்மேல் இன்னொன்று வேறு நீளத்தில், வேறு எண்ணிக்கையில், தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. என் கணக்கு ஐந்து விநாடிகூடத் தாங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கிவிட்டது: இவர்கள் கண்டபடி வாசிக்கவில்லை. இதை முதலிலேயே இரு காதாலும் கேட்டிருந்தால் நானும் மற்றவர்களைப்போலக் கிறுக்கு என்று சொல்லி நகர்ந்திருப்பேன்.

ஜூன் 5, பிற்பகல்

திருத்தம். 28 உருப்படிகளும் அந்த வீட்டில் பிறந்தவை என்ற எண்ணத்தை என் முதல் குறிப்பு தந்திருக்கலாம். 'மூன்லைட் ஆன் வெர்மான்ட்', 'வெட்டரன்ஸ் டே பாப்பி' ஆகிய இரண்டும் 1968 ஆகஸ்டிலேயே ஒலிப்பதிவானவை. 'தி பிளிம்ப்' இன்னும் வேடிக்கையானது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜெஃப் காட்டன் தொலைபேசியில் வரிகளைப் படபடப்பாகப் படிக்க, மறுமுனையில் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஸாப்பா தம்முடைய சொந்தக் குழு வாசித்திருந்த ஒரு நாடாவின்மேல் அந்தக் குரலை ஏற்றினார். எட்டரை மணி நேரக் கதையின்படி வ்லீட் இயற்றியதாகக் கருதப்படும் ஓர் உருப்படியின் வாத்திய இசை அவருடையதே அல்ல.

ஜூன் 6

அட்டையில் இருக்கும் மீன் தலையைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ட்ரௌட் மீன் அல்ல, கெண்டை. வடிவமைப்பாளர் கேல் ஷெங்கல் உண்மையான கெண்டைத் தலையை வாங்கிவந்து குடைந்து கொடுக்க, வ்லீட் அதை முகத்தில் பிடித்துக்கொண்டார். தலைப்பும் படமும் ஒத்துப்போகாத இசைத்தட்டுக்குள் இருக்கும் கதைகளை நம்பியது நம் தவறு.

மீன் என்றதும் இன்னொன்று. 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் டமல்பைஸ் மலையில் நடந்த விழாவில், பாட்டின் நடுவே வ்லீட் பாடுவதை நிறுத்தி, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு மேடையின் பின்புறத்திலிருந்து கீழே இறங்கினார். உண்மையில் விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒரு பெண் மீனாக மாறியதைக் கண்டதாகப் பிறகு காரணம் சொன்னார். முதல் தொகுப்பான 'சேஃப் ஆஸ் மில்க்'கில் கிட்டார் வாசித்த இருபது வயது ரை கூடர் அத்துடன் விலகிக்கொண்டார். சில நாட்களில் மான்டெரேயில் நடக்கவிருந்த புகழ்பெற்ற விழாவில் இந்தக் குழு வாசிக்கும் வாய்ப்பும் போயிற்று. கிறுக்குத்தனம் எப்போதும் நாடகமாகவே இருப்பதில்லை. அங்கே அவருக்கு உண்மையிலேயே ஏதோ நேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 8

மேதைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருப்பதால், அந்த வீட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அப்போது வ்லீட்டுக்கு வயது 27. கிட்டார் வாசித்த பில் ஹார்க்கிள்ரோட், பேஸ் கிட்டார் வாசித்த மார்க் பாஸ்டன், ஜான் ஃப்ரெஞ்ச் ஆகியோருக்குப் பத்தொன்பது, இருபது. அவர் அவர்களுக்கு 'ஜூட் ஹார்ன் ரோலோ', 'ராக்கெட் மார்ட்டன்', 'டிரம்போ' என்று புதுப் பெயர்கள் சூட்டினார். இசைத்தட்டில் அந்தப் பெயர்கள்தாம் இருந்தன. வீட்டிலும் அவைதாம் வழங்கின. கையில் பணமில்லை. ஒரு கட்டத்தில் நாளைக்கு ஒரு சிறு கிண்ணம் சோயா அவரைதான் உணவு என்று ஃப்ரெஞ்ச் பிற்காலத்தில் எழுதினார். கடையில் உணவு திருடிப் பிடிபட்டவர்களை ஸாப்பா பணம் கட்டி மீட்டார். ஒவ்வொரு நாளும் யாரேனும் ஒருவர் குற்றவாளியாக்கப்பட்டு, மணிக்கணக்கில் எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்கப்படுவார். மற்றவர்கள் வ்லீட்டின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த நாள் வேறொருவரின் முறை. அடியும் விழுந்தது. ஹார்க்கிள்ரோட் 1998இல் எழுதிய நூலிலும், ஃப்ரெஞ்ச் 2010இல் எழுதிய எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் நூலிலும் இவை பதிவாகியுள்ளன. பல ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு நூல்களும் அடிப்படையில் முரண்படவில்லை.

ஒலிப்பதிவு முடிந்தபின், டிரம்ஸில் ஒரு ஸ்ட்ராபெரியை வாசித்துக் காட்டு என்று வ்லீட் கேட்டதாகவும், முடியாது என்றதும் தன்னைப் படிக்கட்டில் தள்ளி வெளியேற்றியதாகவும் ஃப்ரெஞ்ச் சொல்கிறார். இதைச் சிரித்துக்கொண்டே பகிர்பவர்கள் அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. இசைத்தட்டு ஜூனில் வெளிவந்தபோது ஃப்ரெஞ்சின் பெயர் அதில் எங்கும் இல்லை. குறிப்பெடுத்தவர் என்றோ, பயிற்றுவித்தவர் என்றோ மட்டுமல்ல, டிரம்ஸ் வாசித்தவர் என்றுகூட இல்லை.

ஜூன் 8, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் கோபம் மிகுதியாக இருக்கிறது, அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

இருபத்து நான்கு வயதில், முதிய நாடகக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை நினைவுகளை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அவர் திண்ணையில் அமர்ந்து பேசுவார். 1950இல் தொடங்கி 1971க்குத் தாவி, நடுவில் ஒரு பாட்டைப் பாடி, காபி குடித்துவிட்டு, யாரையோ திட்டிவிட்டு, தொடங்கிய இடத்துக்கு வராமலே எழுந்து போவார். பதினோரு மாதங்கள் அதைக் கேட்டு, நாடாவிலிருந்து எழுதி, முன்னும் பின்னும் அடுக்கி, அறுத்து, ஒட்டி, நூலாக்கினேன். அச்சில் வந்தபோது என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. சொல்லச் சொல்ல நூல் தானாக எழுதிக்கொண்டது என்று அவர் வெளியீட்டு விழாவில் பேசினார்; கைத்தட்டல் எழுந்தது; நானும் தட்டினேன்.

ஆகையால் ஃப்ரெஞ்சைப் பற்றி நான் எழுதும் எதையும் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

ஜூன் 11

அப்படியானால் அந்த இசை முழுவதும் ஃப்ரெஞ்சுடையதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு நாட்களுக்கு முன் கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லியிருப்பேன். இடையில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன்.

இரண்டு சோதனைகள் இருக்கின்றன. 1974இல் குழுவினர் மொத்தமாக வ்லீட்டை விட்டு விலகினர். ஹார்க்கிள்ரோடும் பாஸ்டனும், டிரம்ஸ் வாசித்த ஆர்ட் டிரிப்பும் 'மல்லார்ட்' என்ற பெயரில் தனியே வாசித்தார்கள். நல்ல இசைதான்; அதே விரல்கள்தான்; ஆனால் இடறிவிடும் அந்தக் குணம் அதில் குறைவு. அதே ஆண்டு வ்லீட் வேறு வாத்தியக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியிட்ட தொகுப்போ இன்னும் மோசம். அந்தக் குழுவை 'டிராஜிக் பேண்ட்' என்றே ரசிகர்கள் கேலி செய்தார்கள். இதை மட்டும் பார்த்தால், ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்று முடித்துவிடலாம்.

ஆனால் 1978இல் வந்த 'ஷைனி பீஸ்ட்', 1980இன் 'டாக் அட் த ரேடார் ஸ்டேஷன்', 1982இன் 'ஐஸ் கிரீம் ஃபார் க்ரோ' ஆகியவற்றில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் புதிய தலைமுறையினர். பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவற்றில் அந்த இடறல் முழுமையாகத் திரும்பி வருகிறது. ஆள் மாறியும் குணம் மாறாமல் வந்தால் அது அவருடையதுதான். நான் நூலாக்கிய அந்த முதியவரின் நினைவுகளுக்கும் இது பொருந்தும். வரிசை என்னுடையது, ஆனால் 1971க்குத் தாவியவர் அவர்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின என்பது வேறு.

ஆனாலும் ஒரு வாதம் எஞ்சுகிறது. புதியவர்களுக்கு அந்த மொழியைக் கற்பித்தது எது? ஃப்ரெஞ்ச் எழுதி, ஹார்க்கிள்ரோட் வாசித்த இசைத்தட்டுதான். 1970இல் வந்த 'லிக் மை டீக்கல்ஸ் ஆஃப், பேபி'யில் குறிப்பெடுத்து இசையை அமைக்கும் பொறுப்பு பெருமளவு ஹார்க்கிள்ரோடிடம் வந்தது. அவருக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த இடத்தில் இருந்திருக்கிறார்.

ஜூன் 12

தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது, நம்மிடம் இல்லாததா என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் மிருதங்கம் கற்று நடுவில் விட்டவன் என்ற தகுதியில் மறுக்கிறேன். நம் கணக்கு எவ்வளவு சிக்கலாகப் போனாலும் கடைசியில் சமத்தில் வந்து விழ வேண்டும். கேட்பவரின் உடம்பு அதற்காகக் காத்திருக்கும். இங்கே அந்தக் கடமையே இல்லை. இரண்டு கிட்டார்களும் தத்தம் நீளத்தில் சுழலும். அவை சந்திக்க வேண்டிய இடம் வரும் முன்பே டிரம்ஸ் அறுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடும். ஒப்பிட்டால் நமக்கு ஒரு நிறைவு கிடைக்கும் என்பதற்காக ஒப்பிட வேண்டாம். அதன் வேர் மிஸ்ஸிசிப்பி புளூஸில் இருக்கிறது, புளூஸ் பாடகர் ஹௌலிங் உல்ஃபின் தொண்டையில் இருக்கிறது, ஓர்னெட் கோல்மனின் ஜாஸில் இருக்கிறது.

(விரல்விட்டு எண்ணினேன் என்று எழுதியவனே நீதானே என்று கேட்பீர்கள். எண்ணியது ஒரு பக்கத்தை மட்டும்.)

ஜூன் 13

குரலைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். கோபக்காரர்கள் இப்படித்தான் அளப்பார்கள்.

'ட்ரௌட் மாஸ்க்' பாடல்களுக்குக் குரல் சேர்த்தபோது வ்லீட் ஹெட்போன் அணிய மறுத்தார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியின் வழியே கசிந்து வந்த மெல்லிய ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். அதனால் குரலும் வாத்தியமும் பல இடங்களில் ஒட்டாமல் நிற்கின்றன. எட்டு மாதங்கள் மயிரிழை துல்லியத்துக்காகப் பிள்ளைகளை வதைத்தவர், தம் பங்குக்கு வந்தபோது கேட்கக்கூட இல்லை என்று ஒருபுறம் எரிச்சல் வருகிறது. மறுபுறம், துல்லியத்தின்மேல் பொறுப்பற்ற ஒரு குரல் மிதப்பதால்தான் அந்தத் துல்லியம் மறைந்து, இசை காட்டுத்தனமாகத் தெரிகிறது. அவர் ஒழுங்காகப் பாடியிருந்தால் இது ஒரு பயிற்சி நூலாகியிருக்கும்.

ஜூன் 16

முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. என்ன மிஞ்சியது?

விற்பனை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் பிபிசி வானொலியின் ஜான் பீல் விடாமல் ஒலிபரப்பியதால் 'ட்ரௌட் மாஸ்க்' அங்கே பட்டியலில் 21ஆம் இடம்வரை போயிற்று. அமெரிக்காவில் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. செல்வாக்கு என்று பார்த்தால் டாம் வெயிட்ஸ், பி. ஜே. ஹார்வி, டீவோ, பெரே உபு, தி ஃபால் என்று நீளும். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2000இல் அவருடைய மூன்று பாடல்களை எடுத்து ஒரு சிறு தட்டே வெளியிட்டனர். அவர் இறந்த சில மாதங்களில், 2011 ஏப்ரலில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 'ட்ரௌட் மாஸ்க்'கைச் சேர்த்தது.

ஆனால் இப்படிப் பெயர்களை அடுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. இவர்களில் யாரும் அந்த முறையைப் பின்பற்றியதில்லை. தொண்டையை எடுத்தார்கள், துணிச்சலை எடுத்தார்கள், கோணல் கிட்டாரை எடுத்தார்கள். எட்டு மாத ஒத்திகையை யாரும் எடுக்கவில்லை, எடுக்காததற்கு நன்றி.

கண்ணில் படாத வழி ஒன்று உண்டு. கடைசிக் குழுக்களில் இருந்த கேரி லூகாஸ்தான் பிற்பாடு பாடகர் ஜெஃப் பக்லியுடன் சேர்ந்து 'கிரேஸ்' பாடலை இயற்றியவர். எரிக் ட்ரூ ஃபெல்ட்மேன் பி. ஜே. ஹார்வியுடன் வாசித்தார். கடைசித் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்த கிளிஃப் மார்ட்டினெஸ் பல ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்தவர். அந்தப் படங்களைப் பார்த்த எத்தனை பேருக்கு இது தெரியும்? மரபு என்பது இப்படி, பெயர் தெரியாத கைகள் வழியாகவும் போகிறது.

ஜூன் 17

ஓவியத்தை விட்டுவிட்டேன் என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 1982க்குப் பிறகு வ்லீட் இசையை அடியோடு நிறுத்திவிட்டு ஓவியத்துக்குப் போனார். 1985இல் ஓவியர் ஜூலியன் ஷ்னாபெலின் ஆதரவோடு நியூயார்க்கின் மேரி பூன் காலரியில் காட்சி வைத்தார். பாடகர் பொழுதுபோக்காக வரைகிறார் என்று யாரும் சொல்லாதபடி இசையை விட்டே ஆக வேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டதாம். சிறுவயதிலேயே விலங்குச் சிற்பங்கள் செய்தவர் அவர். ஓவியம் இடையில் வந்த ஆசையல்ல. ஓவியத்துக்குக் குறிப்பெடுக்க ஆள் வேண்டியதில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் முற்றி, வடகலிஃபோர்னியாவின் ஆர்காட்டாவில் 2010 டிசம்பர் 17 அன்று இறந்தார். வயது 69.

ஜூன் 21

ஃப்ரெஞ்ச் பிறகு என்ன ஆனார் என்று கேட்டவருக்கு. அவர் பலமுறை விலகினார், பலமுறை திரும்பி வந்தார். படிக்கட்டில் தள்ளியவரிடமே திரும்பிப்போய் 1970இன் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தார். 1980இன் தொகுப்பிலும் இருக்கிறார், பெரும்பாலும் கிட்டாரோடு. 2003இல் பழைய குழுவினர் சிலர் வ்லீட் இல்லாமல் மேஜிக் பேண்டை மீண்டும் கூட்டியபோது பாடியவர் அவர்தான். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பாடல்களை அவர் ஏன் பாடினார் என்பது எனக்குப் புதிராக இருந்தது. பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். அந்த முதியவரின் நூலில் ஐந்து படிகள் என்னிடம் இருக்கின்றன. மூன்றை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 22

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 1972இன் 'க்ளியர் ஸ்பாட்'. ஓரளவு ஒழுங்காக அமர்ந்து கேட்கலாம். 'ட்ரௌட் மாஸ்க்'தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு காதைப் பொத்திக்கொண்டு தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 22, இரவு

மேலே எழுதிய பிறகுதான் உறைத்தது: நான் வலப்பக்கத்தை மட்டும் தனியாக ஒருபோதும் கேட்டதில்லை. இரண்டாவது கிட்டாரை எப்போதும் முதல் கிட்டாரின் கணக்கைக் கலைக்க வந்த இடையூறாகவே கேட்டிருக்கிறேன். இன்று இடப்பக்கத்தை அணைத்துவிட்டு 'ஃப்ரௌன்லேண்ட்' போட்டேன். ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் குறைவான உருப்படி. முதல் துண்டை எண்ணிவிட்டேன். இரண்டாவதில் மனம் தானாக இடப்பக்கத்துக் கிட்டாரைச் சேர்த்துக்கொண்டு எண்ணியதால் தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து போடுகிறேன்.